புளிப்பு போன தொக்கு

வேல்ராஜ் செத்துப் பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் காலை, அவன் மனைவி பொன்மணி கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தபோது, அவள் தாண்டிப்போன கடைகளில் மூன்றில் இருந்த பண்டங்கள் பூசணம் பூத்தன. ஓட்டல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த போண்டாவில் முதலில் வெள்ளையாகப் பஞ்சு கட்டி, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையானது. பழக்கடையில் வெட்டி அடுக்கியிருந்த பப்பாளித் துண்டுகளில் கறுப்பாகப் புள்ளி விழுந்து மயிர் முளைத்தது. சேவுக்கடை வெயிலுமுத்துவின் தட்டில் இருந்த கடம்பூர் போளி மடிப்பு மடிப்பாகச் சாம்பல் பூத்தது. கார்த்திகை மாதம் என்றாலும் அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கும் மல்லித்தழை கட்டு பத்து ரூபாய்க்கும் விற்றது. போளிக்குப் பக்கத்துத் தட்டில் அன்று காலை பிழிந்த காராச்சேவு மொறுமொறுவென்று அப்படியே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் பாதி விவகாரம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஆனால் இந்த ஊர் எதையும் உடனே கவனித்ததாகச் சரித்திரம் இல்லை.

பொன்மணியும் கவனிக்கவில்லை. அவள் தொக்கு முதலாளி பெருமாள்சாமியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். வேல்ராஜ் குடித்துவிட்டு வண்டி ஓட்டவில்லை, குடித்துச் சாகவுமில்லை, என் கம்பெனித் தொக்கைத் தின்றுதான் செத்தான் என்பதை அந்த ஆள் நாலு பேர் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று வந்த ஒரு வக்கீலிடம்கூட, அதெல்லாம் பிறகு, முதலில் அவரை அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னாள். வக்கீலுக்கு அது ஒரு கேஸாகவே தெரியவில்லை.

பெருமாள்சாமியின் கம்பெனி முன்னால் தீப்பெட்டி ஆபீஸாக இருந்தது. மிஷின் தீப்பெட்டி வந்து கைத்தீப்பெட்டியைத் தின்று தீர்த்த பிறகு, அதே ஷெட்டில் மருந்து வாடை போவதற்குள் நீலப் பேரல்களை இறக்கித் தக்காளித் தொக்கு போட ஆரம்பித்தார். ஜனங்கள் அதையும் ஆபீஸ் என்றே சொன்னார்கள். பாவூர்சத்திரம் சந்தையில் விலை விழுந்து, விவசாயி தக்காளியை ரோட்டில் கொட்டுகிற நாளாகப் பார்த்து லாரியோடு போய் நிற்பார். வாங்கியதை அரைத்து, பூண்டும் மிளகாய் வற்றலும் சேர்த்து, அரைவேக்காடாகக் கிண்டிப் பேரலில் நிரப்பி வைத்துவிட்டால், ஆர்டர் வரும்போது எடுத்துப் பாட்டிலில் அடைத்துக்கொள்ளலாம். பாட்டிலின் மேல் 'தாய்க்கை' என்று ஒட்டியிருக்கும். வளையல் போட்ட ஒரு கை கரண்டி பிடித்திருக்கிற படம். அந்தக் கை யாருடையதென்று யாருக்கும் தெரியாது.

பேரலில் மாதக்கணக்கில் கிடந்தால் பூசணம் பூக்கத்தான் செய்யும். அதற்குத்தான் வழிப்பு என்று ஒரு வேலை இருந்தது. பெண்கள் நாலு பேர் பேரல் பேரலாகப் போய், மேலே படர்ந்த பூசணத்தைத் தட்டைக் கரண்டியால் வழித்து வாளியில் போட்டுவிட்டு, காய்ச்சின எண்ணெயை ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி மூடிவிட வேண்டும். பொன்மணி எட்டு வருஷம் வழிப்பில் இருந்தாள். பாலில் ஆடை எடுப்பதுபோல ஒரே வீச்சில், கிழியாமல், பேரல் வாயளவு வட்டமாகப் பூசணத்தை எடுத்துவிடுவாள். மற்றவர்களுக்குத் துண்டு துண்டாகத்தான் வரும். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது தன் கையையே வெட்டிப் போடலாமா என்று அவளுக்கு வரும்.

மேஸ்திரி செண்பகராஜ் விரலால் தொட்டு நக்கிப் பதம் பார்ப்பான். இரண்டு மூன்று தடவை வழித்த பேரலில் புளிப்பு மட்டுப்பட்டு, ஒரு மெல்லிய இனிப்புத் தட்டும். இதைப் பெருமாள்சாமியிடம் அவன் சொன்னபோது அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. புளிப்பு இறங்கினால் பக்குவம் ஏறிவிட்டது என்று அர்த்தம் என்றார். பழைய நார்த்தங்காய் ஊறுகாய் அப்படித்தான் இருக்கும் என்று உதாரணமும் சொன்னார். நார்த்தங்காயில் உப்பு கொட்டிக் கிடக்கும்; இவர் தொக்கிலோ சென்னைக்காரர்கள் கேட்டார்களென்று உப்பைப் பாதியாகக் குறைத்திருந்தார், வினிகரை நிறுத்தியே விட்டிருந்தார். சென்னையில் அந்த இனிப்புத் தொக்குக்குத் தனி கிராக்கி வந்தது. புளிக்காத தக்காளித் தொக்கு எப்படி இருக்க முடியும் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. இங்கேயும் ஒருத்தரும் கேட்கவில்லை. யாராவது பூசணத்தைப் பார்த்து முகம் சுளித்தால் பெருமாள்சாமி ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"கண்ணுல படுததை வழிச்சுப் போட்டாச்சுல்லா. பெறவு என்ன?"

தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் இனாம் கொடுப்பது வழக்கம். நல்ல பாட்டிலைக் கொடுக்க அவருக்கு என்ன தலையெழுத்தா? மூடி சரியாகப் பிடிக்காமல் கடைகளிலிருந்து திரும்பி வந்தவற்றைத் திறந்து, வழித்து, எண்ணெய் ஊற்றி, மறுபடி மூடிக் கொடுப்பார்கள். வழிப்பிலும் பாட்டில் கட்டுவதிலும் இருந்த பெண்கள் அதைத் தின்னமாட்டார்கள். பயந்து அல்ல, நாளெல்லாம் அந்த வாடையிலேயே நின்றுவிட்டு வீட்டில் அதைத் திறந்தால் குமட்டும். இசக்கிச்செல்வி என்று பொன்மணிக்கு ஜோடியாக வழிப்பில் இருந்தவள், தனக்குக் கொடுத்ததை மீன்குழம்பில் கொட்டிக் கொதிக்க விட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டாள். மற்றவர்கள் அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். பொன்மணி கொண்டுவந்ததை வேல்ராஜ் கம்பங்கூழுக்குத் தொட்டுக்கொண்டு, நல்லாருக்குட்டி, புளிக்கவே இல்ல என்று சொல்லி, விரலை நக்கிச் சாப்பிட்டான்.

வேல்ராஜ்தான் அந்தக் கம்பெனியின் வேன் டிரைவர். அவர்கள் ஊரான எப்போதும்வென்றானிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குக் கொண்டுவருவான். தொக்கு தின்ற மறுநாள் காலை, ஊருக்கு ரோடு பிரிகிற விலக்கைத் தாண்டியதும் வேனை ஓரங்கட்டி ஓர் உடைமரத்தடியில் நிறுத்தினான். முன் சீட்டில் இருந்த பொன்மணியிடம், "ரோடு ரெண்டாப் போவுது. எது நம்ம ரோடுன்னு தெரியல" என்றான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவன் இமைகள் இரண்டும் பாதிக்கு இறங்கி இருப்பதைப் பார்த்தாள். எல்லாரும் இறங்குங்க, நான் ஓட்டக்கூடாது என்று அவன் சொன்னது நாக்குத் தடித்துக் குழறலாக வந்தது. வேன் நிறையப் பெண்கள் இருந்தார்கள். அவன் அந்த இரண்டு ரோட்டில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓட்டியிருந்தால் எதிரே வந்த லாரியோடு எல்லோரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பைக்கில் வந்த செண்பகராஜ் அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தான். ஒரு வாடையும் இல்லை. இருந்தும் போனை எடுத்து, "மொதலாளி, தண்ணியப் போட்டிருக்கான்" என்றான். ஜன்மத்தில் ஒரு சொட்டுத் தொடாதவன் வேல்ராஜ். அவனுக்கு அது கேட்டது. மறுத்துச் சொல்லப் பார்த்தான், வாய் திறக்கவில்லை.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் அவனுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நினைவும் தப்பவில்லை. கண்ணிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து நெஞ்சுக்கும் அசைவு ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்தது. மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று, இவ்வளவு நல்ல பையன் எப்போ குடிக்கப் படிச்சான் என்று பேசிக்கொண்டார்கள். அத்தனையும் அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. பொன்மணி இரண்டு விரலால் அவன் இமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். உள்ளே கண் தெளிவாக அவளைப் பார்க்கும். கை வலித்து விட்டால் இமை விழுந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் இப்படிப் புருஷனைத் திறந்து திறந்து பார்த்தாள்.

பானு என்று ஒரு டாக்டர் அங்கே இருந்தாள், சின்ன வயசு. அவள்தான் குடியைப் பற்றிக் கேட்காமல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். தொக்கு என்றதும், மேலே பூசணம் இருந்ததா என்றாள். இருந்தது, நான்தான் வழிச்சேன், சுத்தமா வழிச்சேன் என்றாள் பொன்மணி.  டாக்டர் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"தக்காளிக்குப் புளிப்புதாம்மா காவல். அது இருக்கிற வரைக்கும் கெட்ட கிருமி எதுவும் முளைக்காது. பூசணம் என்ன செய்யும்னா, மேல இருந்துக்கிட்டு அந்தப் புளிப்பைத் தின்னுரும். நம்ம கரிசல் மண்ணுல ஒரு கிருமியோட விதை எப்பவும் தூங்கிக் கிடக்கு. தக்காளியில, பூண்டுல ஒட்டிக்கிட்டு வரும். அரைவேக்காட்டுல சாகாது. காவல் போனதும் முழிச்சிரும். அதுக்குக் காத்து ஆகாது. நீங்க எண்ணெய் ஊத்தி மூடினீங்கள்லா, அது அதுக்கு மெத்தை போட்ட மாதிரி. உள்ள விஷத்தைக் கக்கும், ஒரு பாட்டில்ல கூடுதலா, ஒண்ணுல கொஞ்சமா. வாடை இருக்காது, ருசி மாறாது. நல்லாக் கொதிக்க வச்சா அந்த விஷம் போயிரும். இவிய பச்சையா அப்படியே தொட்டுச் சாப்பிட்டிருக்காவ."

"நான் வழிச்சது?"

"நீங்க வழிச்சது கதவைத் திறந்துவிட்டவனைம்மா. உள்ள வந்தவன் உள்ளதான் இருந்தான்."

மிச்சத் தொக்கு இருந்தால் கொண்டுவாருங்கள், சோதனைக்கு அனுப்பலாம் என்றாள் டாக்டர். எப்போதும்வென்றானில் பொன்மணி வீட்டு அலமாரியில் முக்கால் பாட்டில் இருந்தது. அதை எடுத்து வரச் சொல்லி ஆள் அனுப்புவதற்குள் வேல்ராஜ் இறந்துவிட்டான். துஷ்டி விசாரிக்கப் பெருமாள்சாமி பெரிய மாலையோடு வந்தார். நல்ல பையன், குடிதான் கெடுத்துட்டு, குடிகாரன்னு தெரியாம வண்டியக் கொடுத்தது என் தப்புதான் என்று எல்லோர் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் செய்யாத தப்பை ஒத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கிற மாதிரி அடுப்படிக்குள் போன செண்பகராஜ் பாட்டிலை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனான். அலமாரிப் பலகையில் வட்டமாக எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. புகாரின்பேரில் உணவுத்துறை அதிகாரி ஒருவர் வந்தார். பெருமாள்சாமியே எடுத்துக் கொடுத்த பாட்டிலைச் சோதனைக்கு வாங்கிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். எல்லாம் சுத்தமாக இருப்பதாகப் பதில் வந்தது.

வேனில் இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த வாயைத் திறந்தால் அடுத்த வாரம் வேலைக்கு எங்கே போவது என்பது அவர்களுக்கு நியாயமான கேள்விதான். மூடியதோடு விட்டிருக்கலாம். புருஷனுக்கு என்ன வச்சுக் கொடுத்தாளோ, அவ மட்டும் எப்படித் தப்பிச்சா என்று ஒன்றிரண்டு பேர் பேசவும் செய்தார்கள்.

இதனால்தான் அந்தக் கார்த்திகை மாதக் காலையில் பொன்மணி பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவளுக்குள் இருந்தது அழுகை இல்லை, கோபம்.  தொக்கு ஆபீஸ் கேட்டைச் சாத்திவிட்டார்கள். சாயங்காலம்வரை வெயிலில் நின்றாள். பெருமாள்சாமி பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனார். அவள் திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் கடைக்காரர்கள் சேர்ந்துகொண்டு, செய்வினைக்காரி, எங்க பொழப்பில மண்ணைப் போடவா வந்தே என்று சத்தம் போட்டார்கள். ஒருவன் பாத்திரம் கழுவின தண்ணீரை அவள் காலில் ஊற்றினான்.  அவனுடைய பாத்திரத்தில் மிச்சமிருந்த சால்னா நுரை தள்ளிப் பச்சையானது.

வெயிலுமுத்துதான் முதலில் கண்டுபிடித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மறுபடி தொக்கு ஆபீஸ் கேட்டில் நிற்க வந்தபோது, கடையை விட்டு இறங்கி வந்து நின்றார். "ஏத்தா, உம்மேல எனக்கு வருத்தமில்ல. அந்தப் போளி மூணு நாளுப் போளி. இன்னைக்கு வந்ததுன்னு சொல்லி நாந்தான் வித்துக்கிட்டிருந்தேன். இன்னைக்குத் தட்டுல இருக்கிறது நெசமாவே இன்னைக்கு வந்தது. பாத்துக்கோ" என்று தட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் முறைத்தாள். போளி மஞ்சளாக, நெய் வாசனையோடு அப்படியே இருந்தது. அதிலிருந்து விஷயம் பரவியது: நல்ல பண்டத்தை அது தொடுவதில்லை. உள்ளுக்குள் எது கெட்டு, கண்ணுக்குத் தெரியாமல் கிருமி கட்டி, ஆனால் வெளியே மினுக்கிக்கொண்டிருக்கிறதோ அதில்தான் பூக்கிறது. தொக்கில் பூசணம் முன்னால் போய்க் கிருமிக்குக் கதவைத் திறந்தது. பொன்மணியின் கோபத்தில் பூசணம் பின்னால் வந்து கிருமியைக் காட்டிக் கொடுத்தது. டாக்டர் பானுவிடம் யாரோ இதைச் சொன்னபோது, நான் படித்த புத்தகத்தில் இப்படி இல்லை என்று சொல்லிவிட்டு, ஒருநாள் பொன்மணியை எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற ஓட்டல்கள் பக்கம் நடந்துபோகச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

அடுத்த இரண்டு வருஷமும் ஊர் அவளை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தி போடுவதற்கு முன் அவளைச் சமையல் நடக்கிற ஆக்குப்புரை வழியாக நடக்கவைத்தார்கள். ஒரு தனியார் விடுதியில் பிள்ளைகளுக்கு வைத்திருந்த கோழிக்குழம்பு அண்டாவோடு பூத்து, அன்றைக்கு எல்லோரும் ரசஞ்சோறு தின்றார்கள். ஒரு கட்சிக் கூட்டத்துக்கு வந்திறங்கிய பிரியாணிப் பொட்டலங்கள் லாரியிலேயே பச்சையாயின. பேச்சாளர் நிறுத்தாமல் பேசினார். கோபம் இருந்தால்தான் பூக்கும் என்பதால், அவளுக்குக் கோபம் குறைந்துவிடக் கூடாதென்று ஆட்கள் கவலைப்பட்டார்கள். சோற்றைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் யாராவது ஒருவர் அவள் பக்கத்தில் வந்து, உம் புருஷன் அன்னைக்கு எத்தனை குவாட்டர் போட்டிருந்தானாம் என்று கேட்பார். கேட்டுவிட்டு ஓடிப்போய் அண்டாவைத் திறந்து பார்ப்பார். பூக்கவில்லை என்றால் சந்தோஷமாகப் பந்தி போடுவார்கள். அவளையும் சாப்பிடக் கூப்பிடுவார்கள். மனுஷர்களுக்கு இவ்வளவு கேவலமாக நடந்துகொள்ள யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவளைச் சீண்டத் தேவையே இல்லை என்பதும் ஒருவருக்கும் தெரியவில்லை. கோபம் அவளிடம் தூங்கும்போதும் இருந்தது.

பெருமாள்சாமி மட்டும் அவள் கண்ணில் படவில்லை. அவள் பஸ் ஏறி வருகிற வெள்ளிக்கிழமைகளில் கேட்டைச் சாத்திவிட்டு, சரக்கை வியாழக்கிழமையே ஏற்றி அனுப்பிவிடுவார். தொக்கு வியாபாரம் சென்னையிலிருந்து பெங்களூர்வரை போனது. பழைய ஷெட் பற்றவில்லை. கடம்பூர் ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே, தகரம் பளபளக்கப் புது ஷெட் போட்டு, தை மாதத்தில் ஒரு புதன்கிழமை திறப்பு விழா வைத்தார். புதன்கிழமை அவள் வரமாட்டாள் என்று கணக்கு. ஆனால் அன்று காலையில் வேனுக்கு நின்ற பெண்கள் புதுச்சேலை கட்டியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் கொட்டு மேளச் சத்தத்தில் அவளை யாரும் தடுக்கவில்லை.

உள்ளே நீளநீளமான மேஜைகளில் தொக்குப் பாட்டில்கள் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருந்தன. சென்னை வியாபாரிகள், பேங்குக்காரர்கள், சொந்தபந்தம் என்று நாற்காலி நிறைய ஆட்கள். பெருமாள்சாமி பட்டு வேட்டியோடு மைக்கைப் பிடித்து, ஒரு தாயின் கைப்பக்குவம் என்று பேசிக்கொண்டிருந்தார். பொன்மணி நடுப்பாதையில் வந்து நின்று அவரைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. மூடி திறக்காத பாட்டில்களுக்குள் அடியிலிருந்து பூசணம் கிளம்பியது. சிவப்புத் தொக்கைத் துளைத்து வெள்ளை வெள்ளையாக நூல் ஏறி, எண்ணெயை முட்டித் தள்ளி, பச்சையாகி, கறுத்து, மூடிகளை டப் டப்பென்று கழற்றிக்கொண்டு வெளியே வழிந்தது. எல்லா மேஜையிலும் இது நடந்தது. முன்வரிசை ஒன்றில் மட்டும் பாட்டில்கள் சிவப்பாக, தெளிவாக இருந்தன. அவை விருந்தாளிகள் ருசி பார்க்கவென்று தனியாக அன்று காலையில் நன்றாகக் கொதிக்கவைத்து, உப்பும் வினிகரும் அளவாகப் போட்டுச் செய்தவை. எப்படிச் செய்ய வேண்டும் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாமல் இல்லை. அன்றுதான் அது பொன்மணிக்குத் தெரிந்தது. 

பெருமாள்சாமி அசரவில்லை. "ஒண்ணும் பயப்படாதீங்க. புது ஷெட்டு, ஈரக்காத்து. கண்ணுல படுததை வழிச்சுப் போட்டா முடிஞ்சுது" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, வழிப்புப் பெண்களைக் கூப்பிட்டார். அவர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். வியாபாரிகள் எழுந்திருக்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏட்டி இசக்கிச்செல்வி, அந்தா அந்தப் பாட்டில்ல வழிச்சிட்டு, நீ ஒரு வாய் தின்னு காட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

இசக்கிச்செல்வி பாட்டிலை எடுத்தாள். வழித்தாள். கீழே தொக்கு சிவப்பாக, அழகாக இருந்தது. பூண்டு மணந்தது. ஒரு கரண்டி அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். கரண்டிக்கும் வாய்க்கும் நடுவில் அது பூத்தது. மேஜை விளிம்பில் தட்டிவிட்டு மறுபடி அள்ளினாள். மறுபடியும் பூத்தது. அவள் பொன்மணியைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக ஒரே ஊரில் இருந்துகொண்டு அவள் பார்க்காத முகம் அது. பிறகு கரண்டியைப் பெருமாள்சாமி பக்கம் நீட்டினாள்.

"மொதலாளி, நீங்க மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க. பெறவு பாட்டிலோட நான் தின்னுருதேன்."

பெருமாள்சாமி ஓர் அடி பின்னால் போனார். "எனக்குப் பிரஷர் இருக்கு. ஊறுகா, தொக்கு எதுவும் ஆகாது. டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டாரு" என்றார். அவர் கையில் இருந்த மைக் அதைத் தகரக் கூரை அதிர எல்லோருக்கும் சொன்னது. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

இசக்கிச்செல்வி கரண்டியை அவர் காலடியில் வைத்தாள். மற்ற பெண்களும் வைத்தார்கள். "வேல்ராஜ் அண்ணன் குடிக்கல" என்றாள் அவள். "அவிய சீட்டுக்குப் பின்னாலதான் நான் உக்காந்திருந்தேன். ஒரு வாடையும் இல்ல. ரோடு ரெண்டாத் தெரியுது, எல்லாரும் இறங்குங்கன்னு சொல்லி எங்களை உசிரோட இறக்கிவிட்டாவ. இந்தத் தொக்கைத் தின்னுதான் செத்தாவ. எங்க எல்லாருக்கும் தெரியும்."

பொன்மணி அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. "ரெண்டு வருசம் கழிச்சா சொல்லுத? அவிய காதுல விழும்போது சொல்லியிருக்கணும்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.  

பெருமாள்சாமி கடைசிவரை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பிரஷர் என்று சொன்னதே போதும் என்று ஊர் எடுத்துக்கொண்டது. வியாபாரிகள் போய்விட்டார்கள். பாட்டில்களைக் குழிவெட்டிக் கொதிநீர் ஊற்றிக் கரிசல் காட்டிலேயே புதைத்தார்கள். புது ஷெட் இப்போதும் கடம்பூர் ரோட்டில் நிற்கிறது. சித்திரை வெயிலில் சுற்றிலும் பூமி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அந்தத் தகரம் மட்டும் பூசணம் படர்ந்து பச்சைப்பசேலென்று இருக்கும். ஆடு அந்தப் பக்கம் போகாது. செண்பகராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பெருமாள்சாமி மகனோடு வேறு ஊருக்குப் போய், வேறு பெயரில், வேறு ஒரு கையின் படம் போட்டு மறுபடி தொக்கு போடுவதாகக் கேள்வி. அது எந்த ஊர் என்று பொன்மணி விசாரித்துக்கொண்டே இருக்கிறாள். தெரிந்ததும் பஸ் ஏறிவிடுவாள்.

அதுவரை அவள் வெயிலுமுத்து கடையில் சேவு பொட்டலம் கட்டுகிறாள். எப்போதும்வென்றானிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். டிரைவருக்குப் பின் சீட்டை அவளுக்கு விட்டுவிடுவார்கள். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவாள். தீப்பெட்டி ஆபீஸுக்கும் மில்லுக்கும் போகிற பெண்கள் அவள் ஏறியதும் தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். இதில் யாருக்கும் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புதிதாக ஏறுகிறவர்கள்தான் ஒரு தடவை கேட்டுக்கொள்வார்கள்.

"யக்கா, இன்னைக்கும் கோவமாத்தான் இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பிப்பார்கள்.